தங்கம் வாங்காத மகள்

பெண்ணியம் தாளை நடத்தும்போதெல்லாம் நிதேஷ் திவாரி இயக்கிய 'தங்கல்' படத்தை எடுத்துக்காட்டாகச் சொல்வது என் வழக்கம். 2016 டிசம்பரில் அந்தப் படம் வந்தபோது திரையரங்கில் நானும் கைதட்டியவள்தான். அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு வகுப்பில், ஒரகடத்தை அடுத்த கிராமத்திலிருந்து வரும் மாணவி எழுந்து கேட்டாள்: "கடைசியில அந்தப் பொண்ணு தோத்துப்போயிருந்தா, அந்த அப்பாவ என்னன்னு சொல்லுவீங்க மேம்?"

அன்று என்னிடம் பதில் இல்லை.

அவள் பள்ளியில் 400 மீட்டர் ஓடியவள். அப்பா ஒப்பந்தத் தொழிலாளி. நைட் ஷிப்ட் முடிந்து வந்த கையோடு மகளை எழுப்பி சிப்காட் சாலையில் ஓடவிட்டு, பின்னாலேயே வண்டியில் வருவாராம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அரசு வேலை கிடைத்துவிடும் என்பது அவர் கணக்கு. பத்தாம் வகுப்பில் முழங்காலுக்குக் கீழே வலி வந்தது. சொன்னால் திட்டு விழும் என்று சொல்லாமலே ஓடினாள். எலும்பில் விரிசல் என்று தெரிந்த பிறகு ஓட்டம் நின்றது. அப்பா அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதும் நின்றது.

அவரை வில்லனாக்க எனக்கு மனமில்லை. தனக்கு நிரந்தர வேலை வாய்க்காத மனிதர், மகளுக்காவது அது வாய்க்கட்டும் என்று நினைத்தார். ஸ்ரீபெரும்புதூர் ஒரகடம் பக்கத்தில் பிளஸ் டூ முடித்த பல பெண்களுக்குத் தெரிகிற வழிகள் இரண்டு: கம்பெனி பஸ், அல்லது கல்யாணம். மூன்றாவதாக ஒரு வழி திறக்காதா என்று ஏங்குவதில் குற்றமில்லை. ஆனால் அந்த ஏக்கத்தின் விலையை யாருடைய உடம்பு கொடுக்கிறது என்பதுதான் அவள் கேள்வி. அந்தக் கேள்வியோடு படத்தை மறுபடி பார்த்தேன்.

'தங்க'லின் மையமான காட்சி ஒரு திருமண வீட்டில் நடக்கிறது. 14 வயது மணப்பெண், உங்கள் அப்பாவாவது உங்களைப் பிள்ளைகளாக நினைக்கிறாரே என்று கீதாவிடமும் பபிதாவிடமும் அழுகிறாள். அதன்பிறகு இருவரும் முனகாமல் பயிற்சிக்குப் போகிறார்கள். குழந்தைத் திருமணம் என்ற கொடுமை உண்மையானது. ஆனால் படம் அதைக் காட்டியே, கட்டாயத் திருமணம் தவறென்றால் கட்டாயப் பயிற்சி சரி என்று நம்மை நம்பவைக்கிறது. இரண்டிலும் முடிவெடுப்பவர் அப்பாதான் என்பது மறைந்துவிடுகிறது. மகள்களின் எதிர்ப்புக்குப் படம் ஒதுக்கும் இடம் 'ஹானிகாரக் பாபு' என்ற வேடிக்கைப் பாட்டு. அவர்கள் அழ அழ முடி வெட்டப்படும்போது நாம் சிரிக்கிறோம்.

கதை சொல்லும் குரலும் மகள்களுடையது அல்ல, பெரியப்பா மகனுடையதோ சித்தப்பா மகனுடையதோ ஆன ஓர் ஆணின் குரல். தேசியப் பயிற்சி மையத்துக்குப் போன கீதா முடி வளர்க்கிறாள், நகப்பூச்சு பூசுகிறாள், மல்யுத்தத்தில் அப்பாவையே வீழ்த்துகிறாள். உடனே தோல்விகள் வரிசையாக வருகின்றன. தொலைபேசியில் அழுது மன்னிப்புக் கேட்ட பிறகே வெற்றி திரும்புகிறது.

2010 தில்லி காமன்வெல்த் போட்டியில் 55 கிலோ பிரிவில் கீதா போகத் தங்கம் வென்றது வரலாறு. நிஜத்தில் அந்த இறுதிப் போட்டியை அவர் எளிதாகவே வென்றார். படம் அதைக் கடைசி நொடிப் போராட்டமாக்குகிறது. அப்பாவை ஓர் அறையில் பூட்டிவைக்கும் பயிற்சியாளரைக் கற்பனையாகச் சேர்க்கிறது. உண்மையான பயிற்சியாளர் பி. ஆர். சோந்தி இந்தச் சித்திரிப்பை வெளிப்படையாகவே எதிர்த்தார். மகளின் தங்கம் அப்பாவின் தங்கமாக வேண்டுமென்றால் இத்தனை மாற்றங்கள் தேவைப்படுகின்றன.

தமிழில் 2018இல் வந்த அருண்ராஜா காமராஜின் 'கனா' இதைவிட மென்மையான படம். அங்கே அப்பா கட்டளையிடுவதில்லை. இந்தியா தோற்றதற்காக அவர் அழுகிறார், அந்த அழுகையைப் பார்த்த மகள் கிரிக்கெட் ஆடத் தொடங்குகிறாள். ஐஸ்வர்யா ராஜேஷின் நடிப்பில் அவளுடைய ஆசையும் உழைப்பும் நிஜமாகவே தெரிகின்றன. ஆனாலும் அப்பாவைச் சிரிக்கவைக்கும் பொறுப்பு ஒரு சிறுமியின் தோளில் ஏறியிருக்கிறது. கட்டளையையாவது மீறலாம். கண்ணீரை எப்படி மீறுவது?

மகளே தன் கதையைச் சொன்னால் எப்படியிருக்கும் என்பதற்கு டென்னிஸ் வீராங்கனை யெலேனா டோகிச்சின் தன்வரலாறு இருக்கிறது. 2000இல், 17 வயதில், விம்பிள்டன் அரையிறுதி வரை போனவர் அவர். அதில் தோற்ற இரவு, விடுதிக்கு வராதே என்று அப்பா சொல்லிவிட, போக இடமின்றி மைதான வளாகத்திலேயே தங்க முயன்றதையும், ஆண்டுக்கணக்கில் வாங்கிய அடிகளையும் 2017இல் வெளிவந்த அந்தப் புத்தகத்தில் எழுதினார். உலகமே பாராட்டிய ஓர் அரையிறுதி, அந்த வீட்டில் தோல்வியாகத்தான் கணக்கிடப்பட்டது.

உடம்புக்கும் ஒரு கணக்கு உண்டு. சாப்பாட்டுக்கு மிஞ்சிய பயிற்சியால் மாதவிடாய் நின்றுபோகலாம், எலும்பு பலவீனமாகலாம் என்று சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இலேயே எச்சரித்தது. வலியைச் சொல்லக் கூடாது என்று பழக்கப்பட்ட பெண்ணுக்கு இதையும் சொல்ல வாய் வராது. பயிற்சியாளரோ நிர்வாகியோ தவறாகத் தொட்டால் மட்டும் எப்படி வரும்? 2023 ஜனவரியில் மல்யுத்த வீராங்கனைகள் கூட்டமைப்புத் தலைவர் மீது பாலியல் துன்புறுத்தல் குற்றச்சாட்டு வைத்து ஜந்தர் மந்தரில் அமர்ந்தார்கள். அவர்களில் போகத் குடும்பத்து வினேஷும் ஒருவர். வீட்டை விட்டுப் போன பெண்ணுக்கு ஆபத்து நகப்பூச்சில் இருப்பதாகக் காட்டியது 'தங்கல்'. ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை இந்தப் பெண்கள் தெருவில் உட்கார்ந்து சொன்னார்கள். கீழ்ப்படிதல் அவர்களை அங்கே கொண்டுவரவில்லை.

ஆக, மாணவிக்கு என் பதில் இதுதான்: கீதா தோற்றிருந்தால் அந்த அப்பாவைக் கொடுமைக்காரர் என்றிருப்போம். அப்படியென்றால் நாம் மதிப்பிட்டது அவர் செய்ததை அல்ல, பதக்கத்தை. தங்கம் வாங்கிய ஒரு மகளைக் காட்டி, வாங்காத ஆயிரம் மகள்களுக்கு நடந்ததைச் சரியென்று சொல்லிக்கொண்டிருந்தோம். வகுப்பறையில் நானும் சொன்னேன்.

படத்தைப் பாடத்திலிருந்து எடுக்கவில்லை. இப்போது அவள் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ஒருநாள் அவளிடம், ஓடுவது உனக்குப் பிடித்திருந்ததா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"தெரியல மேம். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."