சுற்று வேகம் மட்டும் போதுமா?

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பைத் தேய்க்கும் பெரிய கிரைண்டர், 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் போன்ற நுண்வேலைக்கு உதவாது. அதற்குச் சிறிய கிரைண்டர் வேண்டும். ஆனால், ‘நிமிடத்துக்கு 30,000 சுற்று’ என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்கலாமா? அந்த எண் மட்டும் தரத்தைக் காட்டாது. கணக்கிட்டுப் பாருங்கள். அவ்வேகத்தில் 3 மி.மீ. முனையின் விளிம்பு நொடிக்குச் சுமார் 4.7 மீட்டர் செல்லும்; 12 மி.மீ. முனையோ 19 மீட்டர்! பெரிய முனை உராய்ந்து மரம் கருகிவிடும். எனவே வேகத்தைக் கூட்டிக் குறைக்க வழியில்லாத கருவியை ஒதுக்குங்கள். முனையைப் பொருத்தி ஓடவிடுங்கள். அது தள்ளாடினால், மலிவாயினும் வாங்காதீர்கள். சிற்பத்தின் கண்ணிமைக் கோடு சிதைந்துவிடும். நெடுநேரம் வேலை செய்வோருக்கு, மோட்டாரைத் தொங்கவிட்டு வளையும் தண்டால் இயக்கும் வகையே கைக்கு இலேசானது. மரத்தூளைத் தொடர்ந்து சுவாசித்தால் புற்றுநோயும் வரலாம். கருவியுடன் முகமூடியையும் கண்ணாடியையும் சேர்த்தே வாங்குங்கள்.