திருச்சபைத் தொண்டும் அளவுகோலும்

திருச்சபைத் தொண்டின் பயனை அளந்தறிதல் புதிய முயற்சியன்று. இந்தியாவில் திரளாகக் கிறித்துவம் தழுவியோரை ஆராய்ந்து வாஸ்கம் பிக்கெட் 1933-இல் ஒரு நூல் வெளியிட்டார். 1955-இல் தம் நூலை வெளியிட்ட டொனால்டு மக்காவ்ரன் சபையின் பெருக்கத்தையே முதன்மையாகக் கொண்டார். பிக்கெட்டோ தலைக்கணக்கோடு நில்லாது, வழிபாடு, காணிக்கை, பேயச்சம், குடிப்பழக்கம் ஆகியவற்றையும் வினவினார். நுட்பமான கோல் அவருடையதே.

ஆயினும், அவ்விரு கோல்களும் கிள்ளான் பள்ளத்தாக்கில் இடறுகின்றன. குடிகள் ஓரிடத்தே நிலைத்திருக்கும் சிற்றூர்க்கே அவை பொருந்தும். இங்கோ தோட்டங்கள் துண்டாடப்பட, தமிழர் நகருக்குப் பெயர்ந்தனர். தோட்டத்துச் சிற்றாலயம் வெறுமையாயிற்று; கிள்ளானில் இருக்கை நிறைந்தது. கணக்கில் ஒன்று தேய்வு, மற்றொன்று வளர்ச்சி. உண்மையில் இடம் மாறியது அதே குடும்பம்! தோட்டத்து உபதேசியார் பல்லாண்டு உழைத்ததன் விளைச்சல் நகரப் போதகர் பெயரில் வரவாகிறது.

இன்னொரு குறை மொழி பற்றியது. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்றார். 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறிற்று. அவர் அரிச்சுவடியோடு கழித்த நாட்களை எந்த வருகைப் பதிவேடு காட்டும்? பிரிக்பீல்ட்சில் சீயோன் லுத்தரன் ஆலயம் எழுந்தது 1924-இல். அதன் சுற்றுப்புறத்துத் தமிழ்ச் சபைகளில் இன்று பாமாலையை உரோமன் எழுத்தில் பார்த்துப் பாடும் இளையோர் உளர். அவர்களும் வருகையில் ஒன்றாகவே எண்ணப்படுவர். வேதபாடத்தைத் தமிழில் வாசிக்கவல்லார் எத்தனை பேர் என்று கேட்டறிய ஒரு ஞாயிறு போதும்.