பெயர் இரண்டு, பொருள் ஒன்று

கணிப்பொறி நிரலில் ஓர் அளவைச் சுட்டும் பெயரை 'மாறி' என்கிறோம். அதை எழுதுவதில் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு வழக்கம் உண்டு. பைத்தான் மொழியினர் சொற்களுக்கிடையே அடிக்கோடு இடுவர். இது 'பாம்பு நடை'. ஜாவாஸ்கிரிப்ட் மொழியினரோ சொற்களை ஒட்டி, அடுத்த சொல்லின் முதலெழுத்தை ஆங்கிலப் பெரிய எழுத்தாக்குவர். நடுவே எழும் அத்திமிலால் அது 'ஒட்டக நடை' ஆயிற்று.

இவ்விரு சாராரும் தரவு பரிமாறும்போது பூசல் எழுவது இயல்பே. அதைத் தீர்க்கும் நிரல் நூலகங்களுள் ஒன்று பைடான்டிக். சாமுவேல் கால்வின் என்பவர் 2017இல் தொடங்கிய இதன் இரண்டாம் பதிப்பு 2023இல் வெளிவந்தது. இதில் ஒரு புலத்திற்கு இயற்பெயரோடு மாற்றுப்பெயரும் சூட்டலாம். தரவைப் படிக்க ஒரு பெயர், எழுத வேறொரு பெயர் என்றும் வைக்கலாம். எல்லாப் புலங்களுக்கும் மாற்றுப்பெயரை ஒரே விதியால் ஆக்கிக்கொள்ளவும் வழி உண்டு. ஐயமின்றி நல்ல ஏற்பாடு!

ஆனால் தமிழ்ப் பெயர் இட்டால் என்ன ஆகும்? 2008இல் வந்த பைத்தான் மூன்றாம் பதிப்பு முதல் மாறிக்குத் தமிழிலேயே பெயரிடலாம். படப்பை மாணவர் ஒருவர் அப்பகுதி ஏரிகளுக்கு 'நீர்_மட்டம்', 'கொள்ளளவு' எனப் புலங்கள் அமைப்பதாகக் கொள்வோம். ஒட்டக நடை விதி இங்கே செயலற்றுப் போகிறது. தமிழில் பெரிய எழுத்து ஏது, திமில் எழ? இது சிறு குறையே.

பெருங்குறை 'கொ' என்னும் எழுத்தில் ஒளிந்திருக்கிறது. அதன் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் பதியலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நிரலில் எழுதிய மாறிப் பெயரைப் பைத்தான் தானே ஒற்றைக் குறியீட்டு வடிவுக்குக் கொண்டுவந்துவிடும். வெளியிலிருந்து வரும் தரவின் பெயரையோ அது தொடுவதில்லை. ஆகவே இரட்டைக் குறியீட்டில் வந்த 'கொள்ளளவு' அயற்பெயராகிவிடுகிறது. அயற்பெயர்களைப் புறக்கணிப்பதே நூலகத்தின் இயல்பான அமைப்பு. அப்புலத்திற்கு முன்னிருப்பு மதிப்பாகச் சுழி கொடுத்திருந்தால், நிரம்பிய ஏரியும் கொள்ளளவே இல்லாத ஏரியாகப் பதிவாகும். பிழைச்செய்தி ஒன்றும் வராது. முன்னிருப்பு மதிப்பு இல்லையென்றால் 'புலம் இல்லை' என்ற அறிவிப்பு வரும். மாணவரோ கண்ணெதிரே பெயரைப் பார்த்துக்கொண்டு திகைப்பார்.

ஒரு புலத்திற்குப் பல மாற்றுப்பெயர்களை வரிசையாகக் கொடுக்கும் வசதியும் உண்டு. இரண்டு வடிவங்களையும் அதில் அடுக்கிவிடலாமே என்பர் சிலர். ஒகரமும் ஓகாரமும் வரும் ஒவ்வொரு பெயருக்கும் இப்படி அடுக்குவது வீண் வேலை. பார்வைக்கு ஒன்றாயிருக்கும் இரண்டை நிரலில் பின்னர் எவர் பிரித்தறிவார்?

தரவு உள்ளே வரும் வாயிலிலேயே பெயர்களை ஒற்றைக் குறியீட்டு வடிவுக்கு மாற்றிவிடுவதே முறை. பைத்தானுடன் வரும் யூனிகோட் கருவியால் இதை ஒரே வரியில் செய்யலாம். அத்துடன் அயற்பெயர்களைப் புறக்கணிக்காமல் தடைசெய்யுமாறு நூலகத்தை அமைத்துவிட்டால், தவறிய பெயர் உடனே அகப்படும்.