அக்கரையில் நின்ற தாய்

திருச்சிராப்பள்ளி மலைமீது கோயில் கொண்ட இறைவனுக்குத் தாயுமானவர் என்னும் பெயர் வந்த வரலாற்றைத் தமிழாசிரியர் பலரும் வகுப்பில் சொல்லியிருப்பர். சைவ எல்லப்ப நாவலர் இயற்றிய செவ்வந்திப் புராணம் அதனை விரித்துரைக்கிறது. இரத்தினாவதி என்னும் வணிகர்குலப் பெண் நிறைசூலியாக இருக்கிறாள். பேறுகாலத் துணையாக வரவேண்டிய தாய், காவிரியில் வெள்ளம் பெருகியதால் அக்கரையிலேயே தங்கிவிடுகிறாள். இறைவன் அத்தாயின் வடிவில் வந்து மருத்துவம் பார்க்கிறான். வெள்ளம் வடிந்து பெற்ற தாய் வந்து சேர்ந்த பின்னரே, முன் வந்தவர் யார் என்பது விளங்குகிறது.

இக்கதையை இறைவனின் எளிமைக்குச் சான்றாகக் காட்டுவதே வழக்கம். அது பொருத்தமே. ஆயினும் அவ்வளவில் நின்றுவிட்டால் கதையின் பாதிதான் கைக்கு வரும். இரத்தினாவதிக்கு நேர்ந்த இடர் எத்தகையது என்று நோக்குதல் வேண்டும். கோளின் குற்றம் என்றோ, பழவினை என்றோ கதை கூறவில்லை. துணை செய்ய வேண்டியவர் உரிய வேளையில் வந்து சேர முடியவில்லை, அதுவே இடர். குறுக்கே கிடந்தது ஓர் ஆறு.

இறைவன் மலைமேல் இருந்தவாறே நோவைத் தணித்திருக்கலாம். மருத்துவன் வடிவிலும் வந்திருக்கலாம். கதை இவ்விரண்டையும் விடுத்துத் தாயின் வடிவையே தேர்ந்தது. பேறுகாலத்தில் பெண்ணுக்கு வேண்டுவது கைத்திறன் மட்டுமன்று; அறிந்த முகமும், அவள் பேச்சை அறிந்த செவியும் வேண்டும் என்பதைக் கதை உணர்ந்திருக்கிறது.

தெலுக் இந்தான் வட்டாரத்துத் தமிழர்க்கு இக்கதை அயலூர்க் கதையன்று. 1982-க்கு முன் தெலுக் ஆன்சன் என வழங்கிய அவ்வூர், பேராக் ஆற்றின் வளைவில் தாழ்ந்த நிலத்தில் அமைந்தது. 1926-லும் 1967-லும் அவ்வாறு பெருவெள்ளம் கொண்டதை வரலாறு கூறும். ஆற்றின் இருபுறமும் இரப்பர்த் தோட்டங்களும் தென்னந்தோட்டங்களும் பரந்திருந்தன. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது தமிழர் வழக்கம். கப்பலேறி வந்த பெண்ணுக்கோ காவிரிக்குப் பதிலாக வங்கக் கடலே குறுக்கே கிடந்தது. லயத்தில் பக்கத்து வீட்டு மூதாட்டியே அவளுக்குத் தாயாக வந்தாள். தோட்ட ஆஸ்பத்திரியும் டிரசரும் தோட்ட முதலாளியின் பொறுப்பு; ஆகவே அவற்றின் தரம் தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபட்டது.

விடுதலைக் காலத்தை ஒட்டி மலாயாவில் வகுக்கப்பட்ட நாட்டுப்புற நலவாழ்வுத் திட்டம் ஆற்றின் இடரை நேராக எதிர்கொண்டது. ஏறத்தாழ 2,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி. அவர் குடியிருப்பதும் மருத்துவம் பார்ப்பதும் ஒரே இடத்தில் என்பது அதன் ஏற்பாடு. வெள்ளம் வந்தாலும் மருத்துவச்சி இக்கரையிலேயே இருப்பார். கிராமத்து பிடான்களையும் பகைக்காமல், பதிவு செய்து, பயிற்சி தந்து துணையாக்கிக் கொண்டனர். 1950 அளவில் இலட்சம் பேறுகளுக்கு 500-க்கு மேற்பட்ட தாய்மார் இறந்த நாட்டில், இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தொகை ஏறத்தாழ 30 ஆகக் குறைந்தது. ஆனால் இத்திட்டம் கிராமங்களை நோக்கியே வகுக்கப்பட்டது. தனியார் நிலமாகிய தோட்டம் முதலாளியின் பொறுப்பிலேயே நின்றது. ஆற்றைக் கடந்த உதவிக்குத் தோட்டத்து எல்லை மற்றோர் ஆறாயிற்று.

செரீன் தாடியஸ், டெபோரா மெயின் என்னும் ஆய்வாளர் இருவர் 1994-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், தாய்மார் இறப்புக்குக் காரணமாகும் தாமதங்களை மூன்றாக வகுத்தனர். உதவி நாட முடிவு செய்வதில் தாமதம், உதவியிடம் சென்று சேர்வதில் தாமதம், சேர்ந்த பின் தக்க மருத்துவம் பெறுவதில் தாமதம் என்பன அவை. போராலும் வெள்ளத்தாலும் மக்கள் இடம்பெயரும் நாடுகளில் இம்மூன்றும் ஒருங்கே கூடுகின்றன. இவற்றுள் இரண்டாவதைத் தமிழ்ப் புராணம் ஒரு கதையின் முடிச்சாகவே அமைத்துள்ளமை எண்ணத்தக்கது.

எனினும் கதைக்கு ஒரு குறையும் உண்டு. மருத்துவச்சியின் பணி இறைவனே ஏற்கத்தக்கது என உயர்த்தியது புராணம். நாள்தோறும் அப்பணியைச் செய்த மானிடப் பெண்ணைப் பற்றி அது பேசவில்லை. நம் பிற இலக்கியங்களும் இவ்வகையில் பெரிதும் வேறுபட்டனவல்ல. பிள்ளைத்தமிழைக் காப்புப் பருவத்தில், குழந்தையின் மூன்றாம் மாதத்தில் தொடங்குமாறு பாட்டியல் நூல்கள் வகுத்தன. அதற்கு முந்திய நோவும் அச்சமும், உடனிருந்த மூதாட்டியின் கைகளும் பாட்டுக்குப் புறம்பாயின. தோட்டப்புறத்து மருத்துவச்சியரும் அவ்வாறே பெயரின்றி மறைந்தனர். பால் மரத்தின் துயரத்தைப் பலர் எழுதினர். லயத்து வீட்டில் இரவில் விளக்கேந்தி வந்தவளை எழுதியோர் சிலரே.

இக்கதையை வகுப்பில் சொல்லும் ஆசிரியர், இறைவன் வந்ததோடு முடித்துவிடாமல், அக்கரையில் நின்ற தாயின் மனநிலையையும் மாணவரை எழுதச் செய்யலாம். அவர்தம் பாட்டிமாருள் லயத்தில் பிறந்தவர் இன்னும் உளர். அவர்களுக்கு மருத்துவம் பார்த்தவரின் பெயரைக் கேட்டெழுதி வரும் மாணவன், புராணம் எழுதாது விட்ட ஒரு பெயரைத் தமிழுக்குச் சேர்த்தவனாவான்.