பாய்மரத்தில் பிறந்த ஆங்கிலத் தொடர்கள்

சதுரப் பாய்களை விரித்து ஓடும் கப்பலில் சுக்கான் பிடிப்பவர் கொஞ்சம் அசந்தாலோ, காற்று சட்டென்று திசை மாறினாலோ, பின்னாலிருந்து தள்ள வேண்டிய காற்று முன்னாலிருந்து அறையும். புடைத்து நின்ற பாய் மரத்தோடு அப்பிக்கொள்ளும். கப்பல் அப்படியே நின்றுவிடும்; சில நேரம் பின்னோக்கிப் போகும்; காற்று பலமாக இருந்தால் பாய்மரமே முறியும். ஆங்கிலேய மாலுமிகள் இதை ‘டேக்கன் அபேக்’ என்றார்கள். எதிர்பாராத செய்தி கேட்டுத் திகைத்துப்போவதற்கு இன்று அதே தொடர்தான்.

போட்டித் தேர்வு வழிகாட்டிகளில் இத்தகைய தொடர்கள் ஒரு பக்கம், பொருள் மறுபக்கம் என அட்டவணையாகக் கிடக்கின்றன. மாணவர்கள் மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பிறந்த தொழிலிலிருந்து பிய்த்தெடுத்த தொடர் மனத்தில் ஒட்டாது. வணிகமும் போரும் கடல்வழியே நடந்த நாடு இங்கிலாந்து. கப்பல்தளத்தில் கட்டளையாக இருந்த பேச்சு துறைமுக மதுக்கடைகளுக்கு வந்து, அங்கிருந்து ஊருக்குள் பரவியது.

‘பை அண்ட் லார்ஜ்’ என்பதைப் பாருங்கள். காற்று வரும் திசையை ஒட்டி முன்னேறுவது ‘பை’. காற்றைப் பின்பக்கம் வாங்கி ஓடுவது ‘லார்ஜ்’. இரண்டு நிலையிலும் சரியாக ஓடுவதே நல்ல கப்பல். சாமுவேல் ஸ்டர்மி 1669இல் வெளியிட்ட கடல்நூலிலேயே இத்தொடர் இருக்கிறது. இன்று அதற்கு ‘மொத்தத்தில்’ என்று பொருள்.

‘த்ரீ ஷீட்ஸ் டு த விண்ட்’ என்றால் நல்ல போதையில் இருப்பவர். இங்கே ‘ஷீட்’ என்பதைப் பாய் என்று நினைத்தால் படம் கலைந்துவிடும்; அது பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிக்கும் கயிறு. மூன்று கயிறுகள் அவிழ்ந்தால் பாய்கள் படபடக்க, கப்பல் தள்ளாடும். போர்ட்ஸ்மத்தில் பாதுகாக்கப்படும், 1765இல் நீரில் இறங்கிய ‘விக்டரி’ போர்க்கப்பலின் கயிறுகளின் நீளம் மட்டும் சுமார் 42 கிலோமீட்டர். எந்தக் கயிறு எந்தப் பாய்க்கு என்பது கும்மிருட்டிலும் மாலுமியின் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். தொழிலின் நெளிவுசுளிவு அறிந்தவரைக் குறிக்கும் ‘நோ த ரோப்ஸ்’ என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை.

கடைசிவரை என்பதைச் சொல்லும் ‘பிட்டர் எண்ட்’ சற்றுச் சிக்கலானது. நங்கூர வடத்தைச் சுற்றிக் கட்ட, தளத்தில் ‘பிட்ஸ்’ என்னும் தறிகள் இருக்கும். வடத்தில் கப்பலுக்குள் தங்கும் கடைசிப் பகுதிக்கு இந்தப் பெயர் என்று வர்ஜீனியாவில் குடியேறிய கேப்டன் ஜான் ஸ்மித் 1627இல் எழுதினார். அந்த முனைவரை வடம் ஓடிவிட்டால் இனி விடுவதற்குக் கயிறு இல்லை. ஆனால் ‘பிட்டர்’ என்றால் கசப்பு என்றும் பொருள்; விவிலியத்தின் நீதிமொழிகள் நூலும் கசப்பான முடிவைப் பேசுகிறது. இரண்டு ஊற்றுகளும் கலந்திருக்கலாம்.

எச்சரிக்கை தேவைப்படுவதும் இங்கேதான். எல்லாத் தொடருக்கும் கடற்கதை கட்டிவிடும் பழக்கம் ஆங்கிலத்தில் வேரூன்றியிருக்கிறது. பித்தளைக் குரங்கின் ‘குண்டுகளே’ உதிரும் குளிர் என்று கடுங்குளிரைச் சொல்லும் தொடர் அதற்குச் சான்று. பீரங்கிக் குண்டுகளைக் கூம்பாக அடுக்கிய பித்தளைத் தட்டுக்குக் குரங்கு என்று பெயராம். குளிரில் தட்டு சுருங்க, குண்டுகள் உருண்டுவிடுமாம். ஆடும் கப்பலில் குண்டுகளை யாரும் கூம்பாக அடுக்கி வைக்க மாட்டார்கள். துளையிட்ட மரச்சட்டங்களில்தான் பதித்து வைத்தார்கள். பித்தளைக்கும் இரும்புக்கும் சுருங்குவதில் உள்ள வேறுபாடோ மிகச் சிறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுத்துகளில் குளிருக்கு உதிர்வது குரங்கின் மூக்கும் வாலும். அவற்றை எழுதியவர்கள் மனத்தில் இருந்தது பித்தளையில் செய்த குரங்குப் பொம்மை.

ஆடம்பரத்தைக் குறிக்கும் ‘பாஷ்’ என்ற ஒற்றைச் சொல்லின் கதை இந்தியாவரை நீள்கிறது. பி அண்ட் ஓ நிறுவனத்தின் கப்பலில் இந்தியாவுக்கு வரும்போது இடப்புற அறை, திரும்பும்போது வலப்புற அறை. வெயில் படாத அந்த வசதிக்குப் பணக்காரர்கள் கூடுதலாகக் கொடுத்தார்கள் என்றும், அதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே இச்சொல்லாயின என்றும் சொல்வார்கள். அந்த எழுத்துகள் பொறித்த ஒரு பயணச்சீட்டுகூடக் கிடைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த கொச்சைச்சொல் அகராதியிலோ இதே சொல்லுக்குப் பணம் என்றும், பகட்டாக உடுத்துபவர் என்றும் பொருள் தந்திருக்கிறார்கள்.