பாட்டு பம்பாயில், பட்டியல் கொழும்பில்

பீகாரிலோ மத்தியப் பிரதேசத்திலோ எழுபது வயதைத் தாண்டிய இந்திப் பாட்டு ரசிகர் ஒருவரிடம் பழைய பாடல்களைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், பம்பாய்க்கு முன்னால் அவர் வாயில் வருவது இலங்கை வானொலியான ‘ரேடியோ சிலோன்’தான். பாட்டு பிறந்தது பம்பாய் ஸ்டூடியோக்களில். அது வட இந்திய வீடுகளுக்குள் வந்து உட்கார்ந்தது கொழும்பிலிருந்து கடல் கடந்து வந்த சிற்றலையில். அந்தப் பாடல்களை நினைத்து உருகுவது இன்றைக்கும் இரு நாடுகளிலும் உள்ள பழக்கம். ஆனால் நினைக்கும் முறை ஒன்றல்ல. இந்தியா பாட்டைச் சுற்றியிருக்கும் முகத்தையும் கதையையும் பிடித்துக்கொண்டது. கொழும்பு வானொலி பாட்டின் விவரத்தைப் பிடித்துக்கொண்டது. தீவின் மக்களோ மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

இந்தப் பிரிவுக்கு வித்திட்டது டில்லி. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் செவ்வியல் இசையின் தீவிரப் பற்றாளர். சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் கட்சி. அகில இந்திய வானொலியில் படப்பாடல்களுக்கான நேரம் சுருங்கியது. படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரமாகிவிடும் என்று பாடியவர் பெயரை மட்டும் சொன்னார்கள். கோபித்துக்கொண்ட தயாரிப்பாளர்கள் ஒலிபரப்பு அனுமதியையே திரும்பப் பெற்றார்கள்.

கொழும்பில் நிலைமை நேர்மாறு. இரண்டாம் உலகப்போரில் நேச நாட்டுப் படைகளுக்காக ஏக்கலையில் நிறுவிய சக்திவாய்ந்த சிற்றலை ஒலிபரப்பி, போர் முடிந்தபின் இலங்கை வானொலியின் கைக்கு வந்திருந்தது. 1950இல் வர்த்தக சேவை தொடங்கியது. கொழும்புத் திட்டத்தின்கீழ் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிஃபர்ட் டாட் அதை நடத்தினார். இந்தியாவில் அப்போது வானொலி விளம்பரத்துக்கு இடமில்லை. பற்பசைக்கும் தேயிலைக்கும் ஆள் பிடிக்க வேண்டிய பம்பாய் விளம்பரக்காரர்கள் கொழும்பைத் தேடி வந்தார்கள். நிகழ்ச்சியைப் பம்பாயில் பதிவு செய்து, ஒலிநாடாவை விமானத்தில் அனுப்பி, கொழும்பிலிருந்து திரும்ப இந்தியாவுக்கே ஒலிபரப்பினார்கள்.

அப்படிப் பிறந்ததுதான் 1952 டிசம்பர் 3இல் தொடங்கிய ‘பினாகா கீத்மாலா’. முதலில் அது தரவரிசையே அல்ல. தொகுப்பாளர் அமீன் சயானி ஏழு பாட்டுகளைப் போடுவார். எது முதலில், எது கடைசியில் என்று நேயர்கள் வரிசைப்படுத்தி எழுத வேண்டும். சரியாக எழுதியவருக்கு நூறு ரூபாய்ப் பரிசு. முதல் நிகழ்ச்சிக்கே ஒன்பதாயிரம் கடிதங்கள் வந்து குவிந்ததாகவும், பிறகு அது வாரத்துக்கு அறுபத்தையாயிரம்வரை போனதாகவும் சயானி பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கடிதங்களைப் பிரித்து அடுக்கவே முடியாமல்தான் நிகழ்ச்சி தரவரிசைக்கு மாறியது. இசைத்தட்டு விற்பனையையும் நேயர் மன்றங்களின் வாக்கையும் வைத்துப் பட்டியல் போட்டார்கள். இன்றும் வட இந்தியப் பெரியவர்கள் ‘இந்த வருஷம் இந்தப் பாட்டுதான் முதல்’ என்று பந்தயம் கட்டிப் பேசுவது அந்தப் பட்டியலை வைத்துத்தான். இன்று ஜார்க்கண்டில் இருக்கும் ஜும்ரி தலையா என்ற சிற்றூர், அங்கிருந்து ஓயாமல் போன நேயர் விருப்பக் கடிதங்களாலேயே நாடறிந்த பெயரானது. ‘லிப்டன் கே சிதாரே’ நிகழ்ச்சிக்காக நட்சத்திரங்களைப் பேட்டி கண்டுகொண்டிருந்த இளைஞர் சுனில் தத், 1955இல் ‘ரயில்வே பிளாட்ஃபார்ம்’ படத்தில் தானே நாயகனானார்.

ஐந்தாண்டு பொறுத்து டில்லி இறங்கிவந்தது. 1957 அக்டோபர் 3இல் ‘விவித் பாரதி’ தொடங்கியது. கவிஞர் நரேந்திர சர்மா தலைமையில் உருவான அந்தச் சேவை, சினிமாப் பாட்டை வேண்டாவெறுப்பாக ஏற்கவில்லை. அதற்கு ஓர் இல்லற மணத்தைக் கொடுத்தது. காலையில் ‘பூலே பிஸ்ரே கீத்’, இரவில் ‘சாயா கீத்’, ராணுவ வீரர்களுக்காக ‘ஜெய்மாலா’. ‘ஜெய்மாலா’வின் சிறப்பு நிகழ்ச்சியில் நடிகர்களும் பாடகர்களும் இசையமைப்பாளர்களும் தாங்களே தொகுப்பாளராக வந்து, பிடித்த பாட்டைப் போட்டு, அது உருவான கதையைச் சொன்னார்கள். தொலைக்காட்சியில் 1972 முதல் தபஸ்ஸும் நடத்திய ‘பூல் கிலே ஹைன் குல்ஷன் குல்ஷன்’ அதே வழியில் இரண்டு பத்தாண்டுகள் போனது. ஆக, இந்தியாவில் ஒரு பழைய பாட்டு வந்தால் கூடவே ஆள் வருவார்: படப்பிடிப்பில் மழை பெய்தது, வரி எழுத ஒரு வாரம் ஆனது, நாயகி கோபித்துக்கொண்டார். பாட்டு அந்தப் பேச்சுக்கு ஒரு சாக்கு.

கொழும்பின் காலை நிகழ்ச்சிக்கு இந்தச் சௌகரியம் கிடையாது. நட்சத்திரங்கள் பம்பாயில், அறிவிப்பாளரின் கையில் இருப்பது இசைத்தட்டு மட்டும். அதனால் அவர்கள் விவரத்தை வைத்தே நினைவைக் கட்டினார்கள். ‘புரானி ஃபில்மோங் கா சங்கீத்’ நிகழ்ச்சியில் படம், பாடியவர், எழுதியவர், இசை என எல்லாம் வரும். பிறந்தநாளும் நினைவுநாளும் தவறாது. எட்டு மணி அடிப்பதற்குச் சற்று முன், கடைசிப் பாட்டாகக் குந்தன் லால் சைகலின் குரல். 1947 ஜனவரியில் மறைந்த ஒரு பாடகரை, அவரைப் பார்த்தேயிராத தலைமுறைகளுக்கு அன்றாடம் கேட்கவைத்தது இந்த ஒழுங்கு. சைகல் பாட்டு முடிந்ததா, பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் கிளம்ப வேண்டியதுதான் என்று நேரம் பார்த்த வீடுகள் வட இந்தியாவில் ஏராளம். ‘ஏக் ஹி ஃபில்ம் ஸே’ என்று ஒரே படத்தின் பாட்டுகளை அடுத்தடுத்துப் போடுவதும் அதே கொழும்புக் குணம்தான்.

இதில் வியப்பு, இத்தனை ஒழுங்கும் அயலாருக்காக என்பது. இந்திச் சேவையின் நேயர்கள் பெரும்பாலும் கடலுக்கு அந்தப்பக்கம். இலங்கைக்குள் இந்திப் பாட்டு வேறு வழியில் நடந்தது. மொழி தெரியாத சிங்கள ரசிகருக்கு ரஃபியும் முகேஷும் மெட்டாகவே வந்தார்கள். மெட்டுக்குச் சிங்கள வரி போடப்பட்டது. பாடகர் எச்.ஆர். ஜோதிபாலவின் பல பாடல்கள் இந்தி மெட்டில் சவாரி செய்தவை. இந்தியாவிலிருந்து வந்த மொஹிதீன் பேக் சிங்களத் திரையின் முன்னணிக் குரலானார். 1955இல் ‘செட சுளங்’ படத்துக்காக லதா மங்கேஷ்கரே சிங்களத்தில் பாடினார். இரவல் மெட்டுக்கு எதிர்ப்பும் இருந்தது. கேஸ்கர் பதவியேற்ற அதே 1952இல், இலங்கை வானொலியின் இசைக் கலைஞர்களைத் தரம் பிரிக்க லக்னோவின் இந்துஸ்தானி இசை அறிஞர் ரத்தன்ஜன்கர் கொழும்புக்கு அழைக்கப்பட்டார். ஒரே வானொலி தன் மக்களுக்குச் செவ்வியல் அளவுகோலையும், அண்டை நாட்டுக்குச் சினிமாப் பாட்டையும் வழங்கியது.

தமிழ்நாட்டின் பழக்கம் இந்த விஷயத்தில் டில்லியைவிடச் சிங்கள ரசிகருக்கே நெருக்கம். ராஜ் கபூரின் ‘ஆஹ்’ 1953இல் ‘அவன்’ என்று தமிழில் வந்தபோது, ஷங்கர்–ஜெய்கிஷன் மெட்டுகள் ஏ.எம். ராஜா, ஜிக்கி குரல்களில் தமிழ்ப் பாட்டாகவே நிலைத்தன. ‘ஆராதனா’வை மொழி தெரியாமலே கொண்டாடினோம், அது 1974இல் ‘சிவகாமியின் செல்வ’னாகி சிவாஜியிடம் வந்தது. இந்தியைப் புரிந்துகொண்டு ரசிப்பதைவிட, மெட்டை நம் வீட்டுக்கு அழைத்துவருவதே நமக்கும் சிங்களருக்கும் பொதுவான வழி.

ஒவ்வொரு முறையிலும் ஒரு நஷ்டம் உண்டு. நட்சத்திரம் சொல்லும் கதை ஆண்டுக்கு ஆண்டு மெருகேறும். அதில் நாயகன் வளர்வான், பாட்டெழுதியவரும் வாத்தியக்காரரும் தேய்வார்கள். மெட்டை மட்டும் கொண்டாடினால் கவிஞர் முழுசாகக் காணாமல் போகிறார். கவிஞர் சாஹிர் லுதியான்வியின் கோபம் எந்த மெட்டிலும் ஏறி வராது. விவரம் மட்டும் இருந்தால் ஆவணம் இருக்கும், வாழ்க்கை குறையும். ஆனால் மூன்றில் மற்ற இரண்டையும் சரிபார்க்க உதவுவது விவரம்தான். அதைக் கொழும்பு காத்தது பாசத்தால் என்று சொல்ல முடியாது. விளம்பரதாரருக்கு மணி தவறாத நிகழ்ச்சி தேவைப்பட்டது. வருமானத்துக்காகப் பழகிய ஒழுங்கு, வருமானம் வற்றிய பிறகும் அறிவிப்பாளர்களின் சுபாவமாக நின்றுவிட்டது.

2017இல் இந்தியாவில் சந்தைக்கு வந்த ‘கார்வான்’ என்ற பாட்டுப் பெட்டி ஐயாயிரம் பாட்டுகளோடு சயானியின் கீத்மாலாவையும் சேர்த்தே விற்றது. வெறும் பாட்டு இப்போது யூடியூபில் இலவசம். காசு கொடுத்து வாங்கப்படுவது அதை ஒருவர் முறையாக அறிமுகப்படுத்தும் குரல். பழைய இந்திப் பாட்டைப் பற்றி இனி எழுதுவோரும் பேசுவோரும் கொழும்பிடமிருந்து கற்க வேண்டியது இதைத்தான்: நாயகனின் கதையைத் தாராளமாகச் சொல்லலாம், அதற்கு முன் பாட்டை எழுதியவர் யார், இசை யாருடையது, எந்த ஆண்டு என்று சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும்.