உறுமும் சுலோகம்: ருத்ராவின் ‘குருக்ஷேத்ரா’

2004-ல் மாமா சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது பெட்டியில் வழக்கமான சாமான்கள்தான் இருந்தன. கோடாலித் தைலம், டைகர் பாம், சாக்லேட், ஒரு டார்ச் லைட். கூடவே ஒரு சி.டி. “சாமி பாட்டுக்கா. ருத்ரான்னு போட்டிருந்துச்சு, ஒனக்குன்னு எடுத்தேன்” என்று அம்மாவிடம் கொடுத்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு அம்மா அதைப் போட்டாள். கறம்பக்குடியில் எங்கள் தெரு அப்படியொரு சத்தத்தை அதுவரை கேட்டதில்லை. அம்மா பதறிப்போய் நிறுத்த ஓடினாள். திண்ணையில் இருந்த அப்பத்தா மட்டும் பதறவில்லை. “யாரு மேலடா சாமி வந்துருக்கு?” என்று கேட்டாள்.

அந்த சி.டி. ‘குருக்ஷேத்ரா’. இந்த இருபது வருடத்தில் அதைப் பலமுறை கேட்டுவிட்டேன். இந்த வகை இசையைப் பற்றி நான் படித்த எதுவும் அப்பத்தாவின் கேள்வி போன இடத்துக்குப் போகவில்லை.

ருத்ரா 1992-ல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட டெத் மெட்டல் குழு. பாடுவதும் பேஸ் கிடார் வாசிப்பதும் கதிர், டிரம்ஸ் ஷிவா. இருவரும் தொடக்கத்திலிருந்து இருப்பவர்கள். முதல் தொகுப்பு 1998-ல் குழுவின் பெயரிலேயே வந்தது. 2001-ல் ‘தி ஆர்யன் க்ரூஸேட்’, 2003-ல் ‘குருக்ஷேத்ரா’. அதன்பின் 2005, 2009, 2011 ஆண்டுகளில் ‘பிரம்மவித்யா’ என்ற மூன்று தொகுப்புகள். தங்கள் இசைக்கு அவர்களே வைத்துக்கொண்ட பெயர் ‘வேதிக் மெட்டல்’. இவர்களைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ‘பிரம்மவித்யா’விலிருந்துதான் தொடங்குகிறார்கள். அதற்கு முந்தியவை பயிற்சி நோட்டுப் போல ஒதுக்கப்பட்டுவிட்டன. அது தவறு என்பது என் கட்சி.

டெத் மெட்டல் என்பது சாவையும் சிதைவையும் பாடுபொருளாக வைத்து எண்பதுகளில் உருவான இசை. வேகமான கிடார், இரட்டை மிதி டிரம், உறுமும் குரல். 1991-ல் ‘டெத்’, ‘ஏதியிஸ்ட்’, 1993-ல் ‘சினிக்’ என்று ஃப்ளோரிடாக் குழுக்கள் அதற்குள் ஜாஸையும் தத்துவத்தையும் கொண்டுவந்தன. ருத்ராவின் முதல் தொகுப்பு வந்த அதே 1998-ல்தான் அமெரிக்காவின் தென் கரோலினாவிலிருந்து ‘நைல்’ குழு எகிப்தியக் கல்லறைகளை வைத்துத் தன் முதல் முழுத்தொகுப்பைக் கொண்டுவந்தது. உலகம் அதைக் கொண்டாடியது. நைலுக்கு எகிப்து ஒரு மியூசியம். செத்துப்போன மொழி, செத்துப்போன சாமிகள். ருத்ரா எடுத்ததோ இன்றும் வீட்டில் விளக்கேற்றிச் சொல்லும் மந்திரத்தை. துணிச்சல் எது என்று யோசித்துப் பார்க்கலாம்.

சிக்கலும் அங்கேதான். வேதத்தை ஓதுவதற்கு உதாத்தம், அனுதாத்தம், ஸ்வரிதம் என்று மூன்று சுருதி நிலைகள் உண்டு. சுருதி பிசகினால் மந்திரமே கெட்டுவிடும் என்பது மரபு. உறுமல் குரலில் சுருதி கிடையாது. தொண்டையில் குரல்நாண்களுக்கு மேலிருக்கும் பொய்நாண்கள் சேர்ந்து அதிர்வதால் வரும் சத்தம் அது. ஏற்ற இறக்கம் கரைந்துபோய் கரகரப்பு மட்டும் மிஞ்சும். அப்படியானால் சம்ஸ்கிருதத்தை உறுமினால் என்ன மிஞ்சும்?

சந்தம் மிஞ்சும். கீதை பெரும்பாலும் அனுஷ்டுப்பில் அமைந்தது. பாதத்துக்கு எட்டு அசை, நான்கு பாதத்துக்கு முப்பத்திரண்டு. இரட்டை மிதி டிரம்மின் மேல் அது எவ்வளவு இயல்பாக உட்காருகிறது என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் தெரியும். விஸ்வரூபம் வரும் பதினோராம் அத்தியாயத்தில் கீதை திடீரென்று சந்தத்தை மாற்றி, பதினோரு அசைப் பாதமான திரிஷ்டுப்புக்குத் தாவுகிறது. கடவுளின் வாய்க்குள் வீரர்கள் பாய்வதும், பல்லிடுக்கில் தலைகள் நொறுங்கிக் கிடப்பதும் அங்கேதான். ஃப்ளோரிடாவில் எந்தப் பையனும் எழுதியதைவிட பயங்கரமான டெத் மெட்டல் வரிகள் அவை. கீதையைக் கையில் எடுத்தபோது ருத்ரா வேறொன்றை இந்த இசைக்குள் திணிக்கவில்லை. இசை தேடிக்கொண்டிருந்த நூலைக் கண்டுபிடித்தார்கள்.

இதுவரை சொன்னது பாராட்டு. இனி மனத்தாங்கல்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் எங்கள் பக்கத்தை அடித்துப் போட்டது. பொழுது விடிந்ததும் அப்பாவோடு கொல்லைக்குப் போனேன். முப்பது வருடத் தென்னைகள் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன. அப்பா ஒன்றும் பேசவில்லை. கையில் இருந்த அரிவாள் நழுவிக் கீழே விழுந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. தண்ணி குடுடா என்று சைகை காட்டினார். அன்று ராத்திரி, கரண்ட் இல்லாத ஊரில், போனில் மிச்சமிருந்த சார்ஜில் ‘குருக்ஷேத்ரா’வைப் போட்டேன். கீதையின் முதல் அத்தியாயம் அதுதானே: வாய் உலர்ந்து, கை தளர்ந்து, வில் நழுவி, தேர்த்தட்டில் உட்கார்ந்துவிடுகிற ஒரு மனிதன். ஆனால் அவன் அந்த இசையில் எனக்குக் கிடைக்கவில்லை. உறுமும் குரல் எதையும் உறுதியாகத்தான் சொல்லும். அதற்குத் தடுமாறத் தெரியாது. கிருஷ்ணனை அது பாடிவிடும், காலத்தைப் பாடிவிடும். அர்ஜுனனைப் பாட முடியாது. குருக்ஷேத்திரத்தில் பாதி ஆள் இல்லாமல் போய்விடுகிறது. இந்தத் தொகுப்பின் உண்மையான குறை, என் கணக்கில், அதுதான்.

இரண்டாவது மனத்தாங்கல் மொழி. ஷேக்ஸ்பியரைப் படிக்கிறேன் என்றால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். சம்ஸ்கிருதம் என்றால் எங்கள் ஊரில் கேட்பார்கள். முந்தைய தொகுப்பின் தலைப்பைப் பார்த்த என் நண்பன், பெரியார் வாசகன், “தமிழனுக்கு எதுக்குடா ஆரியப் படையெடுப்பு?” என்று சி.டி.யைத் திருப்பி வைத்துவிட்டான். ஆர்ய என்றால் சம்ஸ்கிருதத்தில் மேன்மையானவன் என்றுதான் பொருள், இனம் இல்லை என்று சொல்லலாம். அது சரிதான். ஆனால் சொற்கள் அகராதியில் மட்டும் வாழ்வதில்லை. ஐரோப்பாவில் அந்தச் சொல் என்ன செய்தது, தமிழ்நாட்டில் அதை வைத்து என்ன சண்டை நடந்தது என்பதெல்லாம் சேர்த்துத்தான் காதில் விழும். நண்பனின் கோபத்தை அறியாமை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. சுடுகாடும் பேயும் பிணமும் கடவுளும் ஒரே இடத்தில் ஆடும் பாட்டு தமிழில் ஏற்கனவே இருக்கிறது. ஆறாம் நூற்றாண்டு வாக்கில் காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் தன்னையே பேயாக வைத்துப் பாடிவிட்டார். அங்கே பயமும் பக்தியும் பிரியவே பிரியாது. ருத்ராவிடம் இல்லாமல் போன அந்த நடுக்கம் அம்மையாரிடம் இருக்கிறது.

ஆனால் சிங்கப்பூரில் இருந்து யோசித்தால் வேறு மாதிரியும் தெரிகிறது. அங்கே தைப்பூச ஊர்வலத்தில் 1973 முதல் தெருவில் மேளம் வாசிக்கத் தடை இருந்தது. 2016-ல்தான் சில இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. உருமியைத் தெருவில் அடிக்க முடியாத ஊரில் வளர்ந்த தமிழ்ப் பையன்கள் கிடாரை எடுத்து உறுமினார்கள் என்று சொன்னால் அது என் கற்பனை, நிரூபிக்க முடியாது. ஆனாலும் வளைந்த குச்சி தோலில் உரசும்போது வரும் அந்த முனகலை ஆடிமாதம் கேட்டு வளர்ந்தவனுக்கு அந்தத் தொடர்பு காதில் விழத்தான் செய்யும். கருவிக்குப் பெயரே உறுமலை நினைவுபடுத்துகிறது. ருத்ரன் என்ற பெயருக்கும் அலறுபவன் என்று பொருள் சொல்வார்கள்.

சிங்கப்பூர் ஆய்வாளர் யூஜின் தைரியநாதன் 2009-லேயே ‘இன்டர்-ஏசியா கல்ச்சுரல் ஸ்டடீஸ்’ இதழில், வேதிக் மெட்டலையும் சிங்கப்பூர்த் தென்னிந்தியர்களின் அடையாளச் சிக்கலையும் சேர்த்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். தமிழில் நாம் இன்னும் பேச்சையே எடுக்கவில்லை. புலம்பெயர் இலக்கியம் என்று கவிதையையும் நாவலையும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஒரு பட்டியலில் இந்தக் குரலுக்கும் இடம் வேண்டும். அதோடு சண்டை போடுவதற்காகவாவது.

கேட்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதல் தடவை வார்த்தை தேடாதீர்கள். அசையை எண்ணுங்கள். எட்டு எட்டாக விழத் தொடங்கியதும் காது பழகிவிடும்.

அப்பத்தாவின் கேள்விக்கு அன்று மாமாதான் பதில் சொன்னார்: “சாமியெல்லாம் இல்ல ஆத்தா, நம்ம பயலுகதான் பாடுறானுக.” அவள் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “நம்ம பயலுகளா? அப்ப ஏன்டா இவ்வளவு கோவம்? திருநூறு பூசி விடுங்கடா.”

அந்தக் கோபத்துக்குக் காரணம் தேடித்தான் இத்தனை வருடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.